தம்பியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கவனத்துக்கு

“...பால் பாட்டில் சைடு பாக்கெட்ல இருக்கு, ஆன்ட்டி. சூடு பண்ணணும், ஆனா ரொம்ப சூடு கூடாது. வெள்ளைத் துணி ஏப்பத்துக்கு. கத்தினான்னா ஃபேனுக்குக் கீழ படுக்க வைங்க, ஃபேனைப் பாத்துக்கிட்டே இருப்பான், நிறுத்திடுவான். அங்கிள் எங்க? கிளம்பிட்டாரா இல்லையா?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக் கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்த எனக்கு, யாரைப் பற்றிய பேச்சு இது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வாசலில் நின்றது யாழினி. எங்களுக்கு நேர் மேல் மாடி வீட்டுப் பெண். பாலர் பள்ளியில் கே டூ படிக்கிறாள். இரட்டைப் பின்னல் — ஒன்று காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. தானே பின்னிக்கொண்டது. தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுன். தோளில், அவள் முழங்கால்வரை தொங்கும் ஒரு நீலப் பை. கைக்குழந்தை உள்ள வீட்டில் எங்கே போனாலும் கூடவே வருமே, டயப்பர், டிஷ்யூ, மாற்றுச் சட்டை எல்லாம் திணித்த பை... அதேதான்.

“யாரு கத்துவா, கண்ணு?”

“பேபிதான்.”

“பேபிக்கு என்ன?”

“அங்கிள் இன்னிக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போறேன்னு சொன்னாரு. நான் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். ஆனா நான் பேபிய தூக்கிட்டு வரக் கூடாது, அம்மா திட்டுவாங்க. அங்கிள்தான் மேல வரணும்.”

எனக்குப் பின்னால் ஹாலில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, குளியலறைக் கதவு சாத்தும் சத்தம். அதற்கும் அடுத்து, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்.

எங்கள் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார்தான். வேறு திசையில்.

நடந்தது என்ன? அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

மேல் வீட்டு சுதாவுக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை. ஆதவன் என்று பெயர். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது இங்கே சிங்கப்பூரில் இன்னும் பல தமிழ் வீடுகளில் சட்டம். கைபேசியில் உலகத்தையே வீட்டுக்கு வரவழைக்கும் பெண்களும் இந்த ஒரு சட்டத்துக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, குழந்தைக்கு மொட்டையடித்து, பேர் வைத்து, தொட்டிலில் போட்டு, வேண்டியவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். ‘வீட்ல முப்பது, வந்துடுங்க’ என்றால் போதும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

சரி, இந்த முப்பது நாளில் யாழினிக்கு என்ன நஷ்டம்?

தேக்கா.

நாங்கள் இருப்பது ஜாலான் புசார் பக்கம். தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிறு காலையில் சுதாவும் யாழினியும் சக்கர வண்டிப் பையை இழுத்துக்கொண்டு கிளம்புவதை நான் எத்தனையோ தடவை சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையை இழுப்பது யாழினி. யாரும் தொடக் கூடாது. தேக்கா ஈரச்சந்தையில் மீன், கறிவேப்பிலை, கீரை. பிறகு உணவங்காடியில் ஓர் ஆப்பம், ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சீனி, தேங்காய்ப்பூ. அம்மாவுக்கு ஒரு தே, பால் ஊற்றிய டீ. வரும் வழியில் மல்லிகைச் சரம். கடைக்காரர் கிள்ளிக் கொடுத்ததை அம்மா இன்னொரு தடவை கிள்ளி, பெரிய துண்டைத் தனக்கும் சின்னத் துண்டை மகளுக்கும் வைப்பாள்.

அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் ஒரு வாரத்தில் அம்மா முழுசாக அவளுக்கே அவளுக்கு என்று கிடைப்பது அந்தக் காலைப் பொழுதில் மட்டும்தான். அப்பா பிரேமுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கவே மாட்டார். ஒரே ஒரு தடவை, பிரசவத்துக்கு அப்புறம், அவரும் மகளைத் தேக்காவுக்குக் கூட்டிப் போனார். மீனைப் பேரம் பேசாமல் வாங்கினாராம். கறிவேப்பிலையை மறந்தாராம். ஆப்பத்துக்கு வரிசை நீளமாக இருக்கிறது என்று பர்கர் வாங்கிக் கொடுத்தாராம். “அப்பாவுக்குத் தேக்கா தெரியல, ஆன்ட்டி” என்று லிஃப்ட்டில் என்னிடம் சொன்னாள். தீர்ப்பு மாதிரி இருந்தது.

அம்மா எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“முப்பது முடியட்டும்.”

முப்பதும் வந்தது.

அன்றைக்கு மேல் வீட்டில் கால் வைக்க இடமில்லை. செருப்புகள் லிஃப்ட் வரைக்கும். வந்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டிலுக்குப் போனார்கள். குனிந்தார்கள். “மூக்கு அப்படியே பிரேம்”, “இல்ல லா, நெத்தி சுதாவோட அண்ணன்” என்று அந்தச் சின்ன முகத்தை ஆளுக்கொரு பக்கம் பாகப்பிரிவினை செய்தார்கள். அடுத்து, மறக்காமல், யாழினியிடம் போனார்கள்.

போய் என்ன சொன்னார்கள்? எனக்கு மனிதர்கள் சொல்லும் வார்த்தைகள்மேல் ஒரு பைத்தியம் உண்டு. ஒரு மூலையில் பாயசத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“என்னம்மா, இனிமே உன் ராஜாங்கம் முடிஞ்சுதா?”

“அம்மா மடி இப்ப தம்பிக்கு. நீ போய் அந்தப் பக்கம் உக்காரு.”

“மவுசு போச்சா? போச்சா?”

சரிகை வேட்டிக்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். “உனக்கு விஷயம் தெரியாதா? தம்பிதான் ஆஸ்பத்திரியில பொறந்தான். உன்னைத் தேக்காவுல ஆஃபர்ல வாங்கினோம்.”

யாழினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எந்தக் கடைல?”

“ம்... அது... காய்கறிக் கடைல.”

“ரிசீட் இருக்கா?”

அவர் இன்னொரு வடை எடுக்கப் போய்விட்டார்.

ஒரு பெண்மணி பொம்மைப் பெட்டி ஒன்றை நீட்டி, “இது தம்பி உனக்காக வாங்கிட்டு வந்தது” என்றார். பெரிய குழந்தையின் மனம் நோகாமல் இருக்க இப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார் போல. நல்ல எண்ணம்தான். யாழினி தொட்டிலை ஒரு தடவை பார்த்தாள், பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். “அவனுக்குத் தலையே நிக்க மாட்டேங்குது, ஆன்ட்டி. எப்படி கடைக்குப் போனான்?”

பொம்மையை மட்டும் யாழினி வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அன்றைக்கு அதிகம் ஓடிய வசனம் இதுவல்ல. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சின்னப் பாப்பா இருக்கும் வீட்டுக்குப் போனால் பெரிய குழந்தையிடம் இதைக் கேட்காமல் திரும்புவது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம் போல...

“பாப்பாவ நான் எடுத்துட்டுப் போகட்டா?”

குழந்தை முகம் சுருங்க வேண்டும். “மாட்டேன், என் தம்பி!” என்று ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். நாம் எல்லோரும் “பாத்தியா, என்ன பாசம்!” என்று பூரிக்க வேண்டும். இதுதான் நாடகம். வசனம் நமக்கு மனப்பாடம். குழந்தைக்கு மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

யாழினி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டாள்.

“எப்ப?”

சிரித்தார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள். “வாயப் பாரு!” என்றார்கள். தேதி மட்டும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். துறைமுகத்தில் கப்பல் வரும் நேரம், போகும் நேரம் என்று வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு நேரம் குறித்துவிட்டால்தான் அவருக்கு நிம்மதி.

“அடுத்த ஞாயித்துக்கிழம. காலைல. அங்கிள் வந்து எடுத்துக்கறேன். எங்க வீட்டுல பிள்ளைங்க எல்லாம் பெரிசாகிப் பறந்துடுச்சு. நீ எல்லாம் பேக் பண்ணி வெச்சுடு. சரியா?”

“சரி” என்றாள் யாழினி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது யார் கவனித்தார்கள்?

பாவம், ஒரு விஷயத்தை நாம் யோசிப்பதே இல்லை. ஆபீஸ் போகிறவர்களே, கற்பனை செய்து பாருங்கள். ஒரு நாள் காலை புது ஆள் ஒருவரைக் கொண்டுவந்து உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். இல்லை, படுக்க வைக்கிறார்கள். வேலை எதுவும் தெரியாது. நேரம் காலம் இல்லாமல் சத்தம் போடுகிறார். அவர் ஏப்பம் விட்டால் மேனேஜர் ஓடி வந்து கைதட்டுகிறார். கொட்டாவி விட்டால் போட்டோ எடுக்கிறார். உங்களிடம் மட்டும், “நீங்கதான் சீனியர், நீங்கதான் விட்டுக் குடுத்துப் போகணும்” என்கிறார். போதாததற்கு வருகிற வாடிக்கையாளர் எல்லாம் உங்கள் மேசைப் பக்கம் வந்து, “உங்க சீட்டு போச்சா? போச்சா?” என்று கிள்ளிவிட்டுப் போகிறார்கள்.

எத்தனை நாள் சிரித்த முகத்தோடு இருப்பீர்கள்? ராஜினாமா எழுத மாட்டீர்களா?

இதற்குப் ‘பொறாமை’ என்று பேர் வைத்திருக்கிறோம், சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும். நமக்கு வந்தால் அதன் பேர் தன்மானம்.

சரி, குளியலறைக்கு வருவோம்.

“ஏங்க, யாழினி வந்திருக்கா.”

“குளிக்கிறேன்னு சொல்லு.”

“தண்ணி சத்தமே கேக்கலையே, அங்கிள்?” என்றாள் யாழினி, என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து.

உடனே உள்ளே குழாய் திறந்தது.

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் மாதிரி. தோசை வேண்டுமா என்றேன். வேண்டாம், இன்றைக்கு அம்மாவோடு ஆப்பம் சாப்பிடப் போகிறேன் என்றாள். மஞ்சள் கவுனுக்கும் கோணல் பின்னலுக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. கணக்கு தெளிவாக இருந்தது. பேபி கீழே வந்துவிடும். அம்மா மேலே சும்மா இருப்பாள். தேக்காவுக்குப் போகலாம்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். தலை நனையவே இல்லை.

“யாழினிக் குட்டி... அங்கிளுக்கு இன்னிக்கு முதுகு வலி.”

“கேன்சல் பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லணும், அங்கிள்.”

“இல்ல... அங்கிள் அன்னிக்குச் சும்மா சொன்னேன் லா.”

“சும்மான்னா?”

இதுவரை இந்த ஊரில் யாராவது இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்களா? ‘சும்மா வந்தேன்’, ‘சும்மா கேட்டேன்’, ‘சும்மா இரு’... பாதித் தமிழை இந்த ஒரு வார்த்தையில் ஓட்டுகிறோம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தோசையைப் பார்த்தேன். ஒரு பக்கம் கருகியிருந்தது.

“பேபிக்கு அம்மா வேணும்ல?” என்று ஆரம்பித்தார்.

“எனக்கும் வேணும்.”

சத்தமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. சுதா. “அக்கா, யாழினி அங்க வந்தாளா? குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம். பேபி பையையும் காணோம். ஃப்ரிட்ஜுல எடுத்து வெச்ச பாலையும் காணோம்!”

“இங்கதான் இருக்கா, பயப்படாத. நாங்க மேல வர்றோம்.”

மூன்று பேரும் படியேறினோம். முன்னால் யாழினி, நடுவில் நான், பின்னால் முதுகு வலி.

சுதா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது. தோளில் ஆதவன், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்த தடம். கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒத்தாசைக்கு வந்திருந்த அம்மாள் முப்பதோடு கிளம்பிவிட்டார். பிரேம் வேலைக்குப் போயாயிற்று.

விஷயத்தை நான் பாதி சொல்லும்போதே சுதாவுக்கு முகம் மாறிவிட்டது.

“ஏய், கூடப் பொறந்தவன யாராவது தூக்கிக் குடுப்பாங்களாடி? அறிவிருக்கா?”

“நான் குடுக்கறேன்னு சொல்லல. அவங்கதான் கேட்டாங்க.” யாழினியின் குரல் இப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. “எல்லாரும் கேட்டாங்க. அந்த வேட்டி மாமா கேட்டாரு, பொம்மை ஆன்ட்டி கேட்டாங்க. நீங்க அங்கதான் இருந்தீங்க, நீங்களும் சிரிச்சீங்க. அங்கிள் மட்டும்தான் எப்பன்னு சொன்னாரு.”

சுதா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

“முப்பது முடிஞ்சா தேக்கா போலாம்னு சொன்னீங்க. முப்பது முடிஞ்சு, கேக்கும் கட் பண்ணிட்டோம். நேத்து கேட்டேன். தம்பி கொஞ்சம் பெரிசாகட்டும்ங்கறீங்க. அவன் எப்ப பெரிசாவான்? எவ்ளோ பெரிசாகணும்?”

சுதா அப்படியே செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே மகளைப் பார்த்தாள். அந்தக் கோணல் பின்னலை, அந்தத் தீபாவளி கவுனை. ஒரு மாதமாக அந்தப் பெண்ணை அவள் பார்க்கவே இல்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. குளிக்க வைத்திருப்பாள், சாப்பாடு ஊட்டியிருப்பாள், ஹோம்வொர்க் பார்த்திருப்பாள். பார்ப்பது என்பது வேறு.

திட்டு வரும், அல்லது அழுகை வரும் என்று நான் காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. சுதா தலையைத் திருப்பி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

“அண்ணே. கேட்டது நீங்கதானே?”

“ஐயோ சுதா, அது விளையாட்டுக்கு...”

“நீங்கதானே?”

“...ஆமா.”

“எடுத்துக்குங்க.” ஆதவனைத் தோளிலிருந்து இறக்கி நீட்டினாள். “இப்பதான் பால் குடிச்சான். பாட்டில்ல அடுத்த வேளைக்கு இருக்கு. மத்ததெல்லாம் பையில இருக்கும். பேக் பண்ணினது யாருன்னு தெரியும்ல?”

வாழ்க்கையில் எத்தனையோ பெரிய சரக்குகளை ஏற்றி இறக்கிய மனிதர், அந்தச் சின்ன மூட்டையைக் கையில் வாங்கியபோது பேந்தப் பேந்த விழித்தார்.

“தலைய பிடிங்க, அங்கிள்!” என்றாள் யாழினி.

அடுத்த நிமிடம் அவள் வீட்டுக்குள் ஓடிப் போய்ச் சக்கர வண்டிப் பையை இழுத்துவந்து லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள். அம்மா தலை சீவவில்லை என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

அன்றைய காலை எங்கள் வீடு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

“நான் ரெண்டு பிள்ளைய வளர்த்தவன்” என்றார் வீட்டுக்காரர், ஆதவன் முதல் சத்தம் போட்டபோது.

“எப்போ?” என்றேன்.

இரண்டாவது சத்தத்துக்கு அவர் தாலாட்டு மாதிரி ஏதோ பாடினார். அழுகை பலமானது. மூன்றாவது சத்தத்துக்கு நான் வாங்கிக்கொண்டு ஹாலில் நடந்தேன். நிற்கவில்லை. கடைசியில் யாழினி சொன்னது நினைவுக்கு வந்து, பாயில் போட்டு ஃபேனைச் சுழலவிட்டோம். குழந்தை கப்சிப்பென்று அடங்கியது. சுழலும் இறக்கைகளை வாய் பிளந்து பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தோம்.

“என்னைப் பாத்துச் சிரிச்சான்!” என்றார்.

“அது வாயு” என்றேன்.

“நீ பாக்கல. என்னைப் பாத்துத்தான் சிரிச்சான்.”

“வாயுங்க.”

“உனக்குப் பொறாமை” என்றார்.

உண்மையைச் சொன்னால், இருந்தது. பாட்டில் சூடு பண்ணியது நான், டயப்பர் மாற்றியது நான், சிரிப்பு மட்டும் அந்தப் பக்கமா? நான் மெதுவாகக் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பினேன். அவர் மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

பொறாமை என்றால் என் சிநேகிதி ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவள், பேரன் எடுத்தவள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் எல்லோருக்காகவும் பிரார்த்தனை செய்கிறவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பப் போட்டோ எடுப்பார்கள். அவளுடைய அம்மா, தங்கையைக் காட்டி, “சின்னவ என் பக்கத்துல உக்காரட்டும்” என்பார். உடனே ரெஜினாவுக்கு முட்டி வலி வந்துவிடும். நிற்க முடியாது, உட்கார முடியாது, போட்டோவுக்கு வர முடியாது. அந்தச் ‘சின்னவ’ளும் போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. “ஏன்டி, இன்னுமா?” என்று கேட்டேன். “அவ பொறந்தன்னிக்கு ஆரம்பிச்ச வலிடி” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முழுச் சிரிப்பு இல்லை.

ஆகவே, ‘வளர்ந்தா சரியாப் போயிடும்’ என்று யாராவது சொன்னால், எவ்வளவு வளர்ந்தால் என்று யாழினி மாதிரித் திருப்பிக் கேளுங்கள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டப்பட்டது.

முதலில் உள்ளே வந்தது மல்லிகை வாசனை. பிறகு சக்கர வண்டிப் பை. பிறகு யாழினி. பின்னல்கள் இரண்டும் இப்போது ஒரே உயரத்தில் இருந்தன. அங்கே உணவங்காடி மேசையில் உட்கார வைத்து அம்மா பிரித்துப் பின்னிவிட்டிருக்கிறாள். உதட்டோரம் ஆரஞ்சுச் சீனி.

“மீன் அங்கிள் எங்கள மறக்கல, ஆன்ட்டி! எங்க இவ்வளவு நாளா காணோம்னு கேட்டாரு. என்னைத்தான் கேட்டாரு. அம்மா ரெண்டு தே குடிச்சாங்க. நாங்க பேசிட்டே இருந்தோமா, ஆப்பமே ஆறிப் போச்சு. அம்மா எனக்கு அவங்க பூவுல பெரிசா கிள்ளிக் குடுத்தாங்க.”

சுதா வாசலில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்திலும் ஒரு மாத அழுக்கைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு தெளிவு.

ஆதவன் எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சின்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவருடைய சட்டைத் தோள்பட்டையில் பால் கக்கிய கறை, சிங்கப்பூர் வரைபடம் மாதிரி.

இந்த இடத்திலாவது மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். பட்டும் திருந்தாத ஜென்மம்.

“குடுக்க மாட்டேன் போ!” என்றார் யாழினியிடம். “உன் தம்பி இனிமே எங்களுக்குத்தான். அங்கிள் வீட்டுலதான் இருப்பான். என்ன சொல்ற?”

சுதா மகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இதோ, இப்போது அந்தப் பெண் ஓடி வருவாள், ‘என் தம்பி’ என்று பிடுங்கிக்கொள்வாள்... ஒரு காலைப் பொழுது பிரிந்திருந்ததில் பாசம் பொங்கியிருக்கும்... நாங்கள் இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகவே நின்றோம்.

யாழினி கிட்டே வந்தாள். குனிந்து தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். விலகியிருந்த துணியை இழுத்துக் காலை மூடினாள்.

“ஷோல்டர்ல வெள்ளைத் துணி போடணும்னு சொன்னேன்ல? சட்டை போச்சு பாருங்க.”

“ஆமா லா. மறந்துட்டேன்.”

“அழுதானா?”

“கொஞ்சம்.”

“ஃபேன் போட்டீங்களா?”

“போட்டேன்.”

திருப்தியாகத் தலையாட்டினாள். ஏதோ யோசித்தாள். பிறகு கேட்டாள். “அடுத்த வாரமும் வெச்சுக்குவீங்களா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “பாக்கலாம்...”

“‘பாக்கலாம்’னா நோ. எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு.”

சுதா வாசலில் சிரித்துவிட்டாள். சத்தமாக. ஆதவன் தூக்கத்தில் ஒரு தடவை உதறிவிட்டுத் திரும்பவும் அமைதியானான்.

“சரி லா, சரி” என்றார் வீட்டுக்காரர். “வெச்சுக்கறேன்.”

“சும்மாவா, நெஜமாவா?”

“நெஜமா.”

யாழினி சமையலறைக்குப் போய் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் சுவரில் தொங்கும் மாதக் காலண்டருக்கு நேராக அதைப் போட்டு ஏறினாள். பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வட்டம் போட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் போட்டாள். மாதக் கடைசிவரை போட்டு முடித்துவிட்டு, அடுத்த மாதத் தாளைத் திருப்பினாள்.